கற்றை நின்றிருந்த நேரம்

பிப்ரவரி 3
வோல்காவின் மேல் பனி இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. நடந்தே ஆய்வுக்கூடம் போனேன். நாற்பத்தொரு நாளாகக் கால்சியம் அணுக்களைக் கற்றையாக்கி அந்த மெல்லிய தகட்டில் மோதவிடுகிறோம். கோடி கோடியாய் மோதி, எப்போதோ ஒன்று ஒட்டிக்கொண்டால் புதுத் தனிமம். பெயர்கூட இல்லாதது. ஒரு கரண்டி கிடைத்தால் என்ன நிறமாக இருக்கும்? ஈயம்போல மங்கலா? யாருக்கும் ஒரு கரண்டி கிடைக்கப்போவதில்லை, அது ஒரு நொடிகூட இருக்காது. ஆனாலும் நாள் முழுக்க அதே நினைப்பு.

பிப்ரவரி 10
ஒன்றுமில்லை. கருப்பு ரொட்டி, வெள்ளரி ஊறுகாய்.

பிப்ரவரி 17
வந்தது. காலை 11:20, என் ஷிப்டில். ஒரு அணு விழுந்தது, சிதைந்தது, அதன் பிள்ளையும் சிதைந்தது. உடனே கற்றை தானாக நின்றது. கடைசி வாரிசு பிளப்பதை அமைதியில் பார்க்கத்தான் அந்த நிறுத்தம். அது பிளந்தால்தான் சிதைவுச் சங்கிலி முழுசாகும்.

மூன்று நிமிடம் பொறுத்தேன். இன்னொன்றும் வருமே என்ற பேராசை. கற்றையைத் திரும்பப் போட்டுவிட்டேன். அந்த இரைச்சலுக்குள் அது எப்போது பிளந்ததோ, தெரியவே தெரியாது. என்ன பண்ணித் தொலைச்சேன் — யாரும் சொல்லலையே, நானாத்தானே போட்டேன்.

பிப்ரவரி 18
தலைவர் லெவ் அர்காதியெவிச்சிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சூப்பைக் குடித்து முடித்தார். பிறகு, "பாதிச் சங்கிலிய யாரும்மா நம்புவாங்க? முழுசா ஒண்ணாவது வேணும். மார்ச் ஆறோட இயந்திரம் வேற குழுவுக்குப் போயிடும்" என்றார்.

என்னோடு ஷிப்ட் பார்க்கும் யெஃபிம் சும்மா இருப்பானா? "ரிம்மா, பிரசவ அறையில பாதியில எழுந்து வந்த ஒரே ஆளு நீதான்." கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிப்ரவரி 26
கனவில் அது என் உள்ளங்கையில் இருந்தது. வெதுவெதுப்பாக. எடையே இல்லை.

மார்ச் 5
மதியம் 2:10. இன்னொரு அணு. கற்றை நின்றது.

பத்து நிமிடம். இருபது. நாற்பது.

"நாளைக்கு மூட்டை கட்டணும். இருக்கிற நேரத்தையும் சும்மா விடுறியே" என்றான் யெஃபிம்.

"உக்காருடா. டீயக் குடி."

என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். லெவ் அர்காதியெவிச் வந்து பின்னால் நின்றார். வெளியே பைன் மரங்களிலிருந்து பனி மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.

எழுபத்தொன்றாம் நிமிடம் திரையில் ஒரு கோடு எழுந்தது. பிளவு. சங்கிலி முழுசு. இவ்வளவு நேரமும் அந்தக் கடைசி வாரிசு இதே கட்டடத்தில், எங்களோடு இருந்திருக்கிறது. அழுதுவிட்டேன்.

"இப்பப் போடலாமா கற்றைய?" என்று யெஃபிமிடம் கேட்டேன்.

"இருக்கட்டும் விடு" என்றான்.