பலாப்பிசின்

அன்புள்ள மச்சான்,

நேற்று உங்களுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. ஜன்னலோரம் ஒருத்தி பலாச்சுளைத் தட்டை நீட்டினாள். அந்த வாசம் ஏறியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்கள் தங்கை ஜன்னலைச் சாத்தினாள்.

எண்பதுகளில், எங்களுக்குக் கல்யாணமான வருஷம் அது. காட்டைப் பார்க்கவென்று அப்போது நம் பக்கம் யார் போனார்கள்? விறகுக்கும் மாட்டுக்கும்தான் போவார்கள். எனக்குத்தான் அந்தக் கிறுக்கு. பென்னாகரத்துக்கு அப்பால், காவிரியை ஒட்டிய காட்டில் நீங்கள் வனத்துறையில் காவல் பார்க்கும் தினக்கூலி வாட்சர். அடுத்த வருஷம் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். என்னைக் கூட்டிப் போங்கள் என்று மூன்று மாதம் நச்சரித்தேன். தங்கை புருஷன் கேட்டு எப்படி மறுப்பது? ரேஞ்சருக்குத் தெரியாமல் ஒத்துக்கொண்டீர்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பழம் கூடாது, கருவாடு கூடாது. யானை என்ற பெயரையே நீங்கள் சொல்வதில்லை. "பெரியவரு வாசம் புடிச்சுக்கிட்டே வந்துருவாருங்க மாப்ள" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் புது மாப்பிள்ளை மச்சானிடம் வெறுங்கையோடு போவதா என்று மனசு கேட்கவில்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் கால் துண்டு பலா வாங்கி, ஒதுங்கி உட்கார்ந்து சுளை உரித்து, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் ஒளித்தேன். மதியம் களியோடு எடுத்து நீட்டி உங்களை அசத்திவிடலாம் என்று நினைப்பு.

காடு நான் நினைத்த மாதிரி பச்சையாக இல்லை. பாறையும் முள்ளும் காய்ந்த மூங்கிலும்தான். பள்ளத்தில் இறங்குவதும் ஏறுவதுமாக என் கால் கழன்றது. ஒரு மேட்டில் நின்று காட்டினீர்கள். வெகு கீழே பாறைகளுக்கு நடுவே காவிரி தெரிந்தது. அந்த அழகை இன்றுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை.

இறங்கும்போது மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. ஒற்றைக் கொம்பன் யானை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தீர்கள். பிடுங்கிக்கொண்டு என்னைவிட்டு எதிர்ப்பக்கமாக ஓடினீர்கள். பையை வீசிய வேகத்தில் பாறை வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தீர்கள். அது பையைக் கிழித்துச் சுளைகளைத் தின்றுவிட்டு நிதானமாகப் போயிற்று. உங்கள் வலது முழங்கால் நொறுங்கிக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ரேஞ்சர் கிழிந்த பையோடு வந்து விசாரித்தார். நான் வாய் திறப்பதற்குள், "பழம் நான் கொண்டாந்ததுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றீர்கள். கேஸ் ஆனால் எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்த அரசாங்க வேலை போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் வேலைதான் போனது. தொப்பூரில் பஞ்சர் கடை போட்டு, மடங்காத காலை நீட்டிக்கொண்டே லாரி டயர்களோடு ஆயுசைக் கழித்தீர்கள். உண்மையை உங்கள் தங்கையிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஒருநாள் கடைக்கு வந்தேன். "உடுங்க மாப்ள. பெரியவரு தின்னுட்டுப் போயிட்டாரு" என்று டீ வரவழைத்தீர்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்தால்தான் இன்று அதிகம் கூசுகிறது.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கள் தங்கையிடம் சொன்னேன், அந்தப் பழத்தைக் கொண்டுபோனது நான்தான் என்று.

அவள் என்னைப் பார்க்காமலே பையிலிருந்து சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். "தெரியுமுங்க. அன்னிக்கு உங்க சட்டையெல்லாம் பலாப்பிசினு. எண்ணெய் போட்டுத் தேச்சும் போகல. அண்ணன் சட்டையில ரத்தம்தான் இருந்துச்சு" என்றாள்.

ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன்.

"அண்ணன் இருக்கறப்பவே நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

மச்சான், நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். உங்களைப் புதைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.