நூற்றி இருபத்துநாலு பாகம்

மச்சான்,

இன்று காலை உன் மகள் என் கடைக்கு வந்தாள். நாட்டில் சண்டையும் முடிந்து, கரையில் கட்டக்கூடாதென்ற தடையும் தளர்ந்துவிட்டதே, பாண்டிருப்பில் உங்கள் பழைய வளவில் வீடு கட்டப் போகிறாளாம். அனுமதி கேட்டு அரசாங்கக் கந்தோருக்குக் கொடுக்க, அந்த நில அளவைப் படத்தின் போட்டோக்கொப்பி ஒன்று வேண்டுமாம். வழக்கம்போல பாதித் தாளுக்குச் சின்னதாக்கப் போனேன். "வேணாம் மாமா, சின்னதாக்கினா அளவு பிழையாப் போகுமாம்" என்றாள். யா அல்லாஹ், படத்தை மெசினிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தேன்.

அதே படம்தான், மச்சான். சுனாமிக்குப் பிறகு ஊர் அதிகாரி விதானையாரிடம் இரவல் வாங்கி நீ கொண்டுவந்தது. கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்திருந்த நேரம். உன் வீட்டில் மூன்று சுவர் மிஞ்சியிருந்தது. "கடலப் பாக்காட்டி எனக்குச் சோறு இறங்காது, எப்பிடியும் அங்கேயே கட்டவேணும்" என்று நின்றாய். என் மெசினில் பெரிய தாள் இல்லை. சின்னதாக்கி எடுத்தேன். மூலையில் ஒன்றுக்கு இரண்டாயிரம் என்று இருந்தது. அப்படியென்றால் ஒரு சென்ரிமீற்றர் இருபது மீற்றர். அடிமட்டத்தை வைத்தேன், கரையிலிருந்து உன் வாசலுக்கு எட்டு. நூற்றி அறுபது மீற்றர், முடிந்தது கதை என்றேன்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. வலைக்கயிற்றை இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்து, அலை நனைக்கிற இடத்திலிருந்து நூற்றி இருபத்துநாலு பாகம் என்று கணக்கு வைத்திருந்தாய். "இருநூறு மீற்றருக்குக் கூடத்தான் வருது மச்சான்."

"உன்ட கை நீளத்தக் கந்தோர்ல எவன் நம்புவான்? படத்தில இரிக்கிறதுதான் கணக்கு" என்று சிரித்தேன். கடையில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். நீ கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனாய். அடுத்த கிழமை, கரையில் கட்டமாட்டேன் என்று கையெழுத்து வைத்து, நாவிதன்வெளிப் பக்கம் வயலுக்கு நடுவில் அரசாங்கம் கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டாய்.

இன்று பெரிய தாளில் அளந்து பார்த்தேன். பதினொன்றே கால். கடலுக்கும் உன் வாசலுக்கும் இருநூற்றி இருபத்தைந்து மீற்றர். நான் தாளைச் சுருக்கியபோது தூரமும் சுருங்கிவிட்டது, மூலையிலிருந்த எண் மட்டும் அப்படியே நின்றது. அதற்குக் கீழே நூறு மீற்றர் என்று ஒரு கோடும் இருந்தது. அது தாளோடு சேர்ந்து சுருங்கியிருக்கும். அந்தக் கோட்டை வைத்து அளந்திருந்தால் தப்பியிருப்போம். பள்ளிக்கூடத்தில் படித்த அளவுத்திட்டம்தான், இத்தனை வருசம் கொப்பி எடுக்கிற எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் ஒன்றும் விளங்கவில்லை, மச்சான். என் சொல் ஒன்றுக்காகவா போனாய்? கந்தோரில் எந்த அலையிலிருந்து அளந்தார்கள்? சுனாமியில் ஏறிய கடல்தான் பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததா? நான் சரியாகச் சொல்லியிருந்தாலும் உன்னை விட்டிருப்பார்களா?

மறைக்க மனம் வரவில்லை. உன் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்பாக்குத் தெரியும் மாமா. அங்க போய் ரெண்டு மாசத்தில, எங்கட பழைய வளவ நாடா பிடிச்சு அளந்த ஆக்கள் இருநூறுக்கு மேல எண்டு சொல்லிப்போட்டாங்க. அவன்ட காதில போடாதீங்க, மனிசன் ஒடஞ்சு போவான் எண்டு அப்பா எங்களுக்குக் கட்டளை."

இரண்டு மாதத்தில் தெரியுமா? அதற்குப் பிறகும் போன வருசம் நீ கண்ணை மூடி மவுத்தாகும்வரை, விடிய விடிய அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்துக் கடலுக்குப் போகும் வழியில், என் கடை வாசலில் இறங்கிப் பிளேன்டீ குடித்தாயே. என் பிள்ளைகளுக்கு மீனும் தந்துவிட்டுப் போவாயே. ஒரு நாளாவது என்னை ஏசியிருக்கக் கூடாதா, மச்சான்? அந்த ஏச்சை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?