மகனுக்காக அணைக்காத கற்பூரம்

சதுரங்கப்பட்டினம் தபால்,
24-11-57.

சிரஞ்சீவி தர்மராஜுக்கு நைனா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. திரௌபதியம்மன் தயவில் நானும் அம்மாவும் சௌக்கியம், பினாங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது, ஏரி ரொம்பிக் கலங்கல் வழியாய்த் தண்ணி வழிந்து போகிறது, நம் வீட்டுக் கூரையும் கூடவே போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, என்னைத் திட்டுவதற்கு மட்டும் ஓடி வருகிறாள்.

குடிதண்ணிக் கிணறு வேணுமென்று நாலு பேர் நடுவில் வாயை விட்டேன், அப்போ நீயே நில்லு என்று பஞ்சாயத்து போர்டு தலைவர் தேர்தலில் நிறுத்திவிட்டார்கள். எதிரே நெல்லு மில் செங்கல்வராயன். நான் பினாங்கில் மூட்டை தூக்கின காலத்திலேயே மலேயா பிரஜையாகிவிட்டேனாம், தேர்தலில் நிற்பதே செல்லாதாம், அவர் ஆட்கள் கிளப்பிவிட்டார்கள். அப்போ அங்கேயும் வெள்ளைக்காரன், இங்கேயும் வெள்ளைக்காரன், நான் எந்த தேசத்துக்குப் பிரஜையாவது? ஐந்தாங்கிளாஸ் தாண்டாத என்னை ஒரு தேசமே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது என்று ஊர் நம்புகிறதே, அது வரைக்கும் பெருமைதான். டீக்கடையில் கருப்பன் என் கைலியைப் பார்த்துவிட்டு, இன்னா அண்ணாத்த, உங்க ஊருக்கு எப்போ கப்பல் என்கிறான்.

கடைசியில் அம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றார்கள். நான் இந்த மண்ணுக்காரன்தான் என்று உள்ளங்கையால் அணைத்தேன். அதோடு விட்டார்களா, செங்கல்வராயன் இன்னொரு கட்டி ஏற்றச் சொல்லி, உன் மகனும் நம்ம தேசத்தான்தான் என்று அணை பார்க்கலாம் என்றார். கை நீண்டது, பாதியில் நின்றுவிட்டது. மலேயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் அங்கே இருக்கிறவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிறார்கள் என்று ஆவணியில் எழுதினாய், நீ வாங்கினாயா என்று எழுதவில்லை, அதற்குப் பிறகு கடிதமே இல்லை. தெரியாததுக்கு அம்மன் எதிரில் எப்படிச் சத்தியம் பண்ணுவது? எல்லாரும் பார்த்திருக்கக் கற்பூரம் தானே எரிந்து தீர்ந்தது. அதோடு ஓட்டும் தீர்ந்தது என்கிறான் ராமதாஸ், எனக்காக வீடு வீடாய் அலைகிறவன்.

ஓட்டு போகட்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, பொய்யாகவாவது அணைத்திருக்கக் கூடாதா என்றாள். தலைவர் பெண்டாட்டி ஆக ஆசை போலிருக்கிறது என்று கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளை இனி வரமாட்டான் என்று ஊரைக் கூட்டி நீயே ஒத்துக்கினு வந்துட்டியே என்றாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அந்தக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மறைக்காதே தம்பி. பிழைப்புக்கு வேண்டியிருந்திருக்கும். நான் கோபித்தாலும் அந்தக் கோபம் கடல் தாண்டி வராது. உன் பதில் வருவதற்குள் தேர்தல் முடிந்திருக்கும், அதற்காக எழுத வேண்டாம். வருவாயா என்று அம்மாவுக்கு எழுது. வர முடியாதென்றால் அதை எனக்கு மட்டும் எழுது, அவளுக்கு நான் எப்படியாவது சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. எந்த நாட்டில் இருந்தாலும் அம்மன் உன்னைக் கண்பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
அப்பாசாமி