இடது காலின் அளவு

என் வாயாடிக்கு,

நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன மாதம் குடோனில் ஒரு இரும்புச் சட்டம் இடது காலில் விழுந்தது. பயப்படாதே, புண் ஆறிவிட்டது. பூட்ஸுக்குள் கால் முன்னால் வழுக்குவதுதான் தொல்லை. "நேரா நிக்க முடியலைன்னா ஊருக்குக் கிளம்பு" என்கிறார் சூப்பர்வைசர்.

பூட்ஸுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற இன்சோல் வாங்கப் போனேன். மெத்தை, மேகம், சொர்க்கம் என்று பெட்டிகளின் மேல் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேண்டியதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. உன் ஷூ கம்பெனியில் சர்க்கரை நோயாளிகளுக்காக முன்பக்கம் ஸ்பாஞ்ச் வைத்து ஒட்டுவீர்களே, 'டோ ஃபில்லர்' என்று, அதுதான். நீயே ஒன்று செய்து அனுப்பு. அம்மாவிடம் அந்தக் கம்பெனி வார்த்தையையே சொல். ஏதோ உசத்தியான சாமான் என்று சந்தோஷப்படட்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் ஸ்பாஞ்சின் அடியில் உன் கையெழுத்தில் ஏதாவது எழுது. திட்டி எழுதினாலும் சரி.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. இரண்டு பாதங்களையும் தாளில் வைத்து வரைந்திருக்கிறேன். இடது பாதத்தில் விரல்களை வரைய மறந்துவிட்டேன் என்று நீயாகச் சேர்த்து வரைந்துவிடாதே. இருப்பதைத்தான் வரைந்திருக்கிறேன்.

உன்னவன்