நீ விட்டுப்போன வேலை

போன மாதம் ஒரு புதன்கிழமை, முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் "நண்டுக்காரி" என்று விழுந்தது. அப்போது நீ கண்ணை மூடி நாலு மாதம். கத்தியைக் கீழே போட்டுவிட்டேன் என்பது அம்மா சத்தம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெயரை என் போனில் பதிந்தது நீதான். குருநகரில் நண்டைப் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனியில் உனக்குக் கணக்கெழுதும் எழுதுவினைஞர் வேலை கிடைத்த கிழமை, எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் உனக்கு வைத்த பட்டம் அது. "சொல்லட்டும். சொல்லிச் சொல்லிச் சனம் சலிச்சுப்போகும்" என்று என் போனைப் பறித்து, உன் அலுவலக இலக்கத்துக்கு அந்தப் பெயரையே போட்டாய்.

எடுத்தால் உன் முகாமையாளர். "பிள்ளை, பயந்திட்டியளோ?" என்று முதலில் மன்னிப்புக் கேட்டார். "அவ இருக்கேக்கை அடிக்கடி சொல்லுவா, தன்னைவிடக் கணக்கிலை கெட்டிக்காரி ஒருத்தி மருதனார்மடத்திலை சும்மா இருக்கிறா எண்டு. அவவின்ரை இடத்துக்கு இன்னும் ஆளெடுக்கேல்லை. விருப்பமெண்டால் திங்கட்கிழமை வாங்கோ." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சும்மா இருக்கிறாள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டம் வாங்கினோம். அதற்குப் பிறகு ஆறு வருடம் நான் தேடியது வேலையை அல்ல, வந்த வேலைகளில் குறையைத்தான். சுப்பர் மார்க்கெற்றில் காசாளர் வேலை வந்தது. ஊர்ச்சனம் சாமான் வாங்க வரும், வேண்டாம். லீசிங் கொம்பனியில் வந்தது. வீடு வீடாகப் போய்த் தவணை கேட்க வேண்டும், வேண்டாம். பாலர் பாடசாலையில் வந்தது. பட்டதாரி போய்ப் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதா? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய காரணமும் கைவசம் இருந்தது. தனியார் கொம்பனியில் சேர்ந்து ஈ.பி.எப். என்ற சேமலாப நிதி இலக்கம் விழுந்தால் அரசாங்கத்தின் பட்டதாரி நியமனத்தில் பெயர் வெட்டுப்படும் என்ற கதை. அது எப்போது சரி, எப்போது பிழை என்று ஒருவருக்கும் திடமாகத் தெரியாது. ஆனாலும் எங்கள் வயதில் எத்தனை பேர் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம்! வேலைக்குப் போன சிலர்கூடத் தங்களுக்கு ஈ.பி.எப். கட்ட வேண்டாம் என்று முதலாளியிடம் கெஞ்சினார்கள். முதலாளிமாருக்குக் கசக்குமா?

நீயும் கண்டதற்கெல்லாம் தலையாட்டியவள் இல்லை. ரவுணில் பெரிய புடவைக்கடை ஒன்றில் உன்னை எடுக்கத் தயாராக இருந்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாய். "இருக்க ஒரு ஸ்ரூல் கிடைக்குமோ எண்டு கேட்டன். சிரிச்சினம். வந்திட்டன்."

பிறகு நண்டுக் கொம்பனிக்கு ஓம் என்றாய். மருதனார்மடத்துச் சந்தியில், பஸ்ஸுக்கு நிற்கும் சனம் பார்க்கப் பார்க்க உன்னோடு வாய்த்தர்க்கப்பட்டேன்.

"புடவைக்கடை வேண்டாமாம், நண்டு வேணுமாம். என்னடி உன்ரை ஞாயம்?"

"அங்கை கதிரை இருக்கு. அஞ்சு மணிக்கு விடுவினம். மரியாதையாக் கதைக்கினம். ஈ.பி.எப்.பும் கட்டுவினம். வேறை என்ன பாக்கிறது?"

"வேலையின்ரை பேர்?"

"பேரோடை ஆரடி எட்டு மணித்தியாலம் இருக்கிறது?"

உன் பஸ் வந்தது, நீ ஏறிவிட்டாய். வேண்டாம் என்று சொல்வதில் நீயும் நானும் ஒரே அளவு பிடிவாதக்காரிகள். நீ ஒரு வேலையில் உன்னை எப்படி நடத்துவார்கள் என்று பார்த்தாய். நான் அந்த வேலையைப் பற்றி ஊர் என்ன கதைக்கும் என்று பார்த்தேன்.

போன மார்கழி மழைக்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஒரு கிழமைகூட எடுக்கவில்லை, போய்விட்டாய்.

அந்த வேலைதான் போன மாதம் என்னிடம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "உனக்குப் பைத்தியமே? செத்தவளின்ரை கதிரையிலை போய் இருக்கப்போறியோ? பேசிவாற இடத்திலை நான் என்னெண்டு சொல்லுறது?" என்று ஒரே மூச்சில் கேட்டார். கலியாணப் பேச்சைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கதிரை என்ற சொல்தான் நெஞ்சுக்குள் போய் இருந்துகொண்டது. உன் அலுவலகத்தை நான் கண்டதேயில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கதிரை தெரிந்தது. நீ இருக்கிறாய், நான் பக்கத்தில் நிற்கிறேன், நீ எழும்புகிறாய் இல்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அந்த வேலை வேண்டும். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு வேலையைப் பற்றிக் கேட்டதும் குறை சொல்ல வாய் வரவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. நீ இருந்திருந்தால் இந்த வேலை இல்லை. எங்கேயாவது ஒரு இடம் காலியாக வேண்டும் என்று ஆஞ்சநேயர் கோயிலில் எத்தனை சனிக்கிழமை கும்பிட்டிருப்பேன். காலியாகும் இடத்தில் அதுவரை ஒரு ஆள் இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

உன் அம்மாவிடம் கேட்காமல் முகாமையாளருக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஞாயிறு பின்னேரம் போனேன்.

அன்ரி கிணற்றடியில் நின்றார். துலாவும் இல்லை, குடமும் இல்லை, மோட்டர் போட்ட கிணறு; அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, சும்மா நின்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கதைக்கத் தொடங்கினார்.

"எங்கடை வீட்டிலை முட்டையும் ஏறாது, உனக்குத் தெரியும்தானே. வேலையாலை வந்தாளெண்டால் முன்வாசலுக்கு விடமாட்டன். பின்னாலை வந்து, இஞ்சை தலையிலை தண்ணி வாத்து, உடுப்பை மாத்திப்போட்டுத்தான் உள்ளை வரவேணும். அவள் ஒருநாளும் மறுத்துக் கதைக்கேல்லை. காய்ச்சல் தொடங்கின அண்டைக்கு நல்ல மழை. குளிருதம்மா எண்டவள். நான் குளிச்சிட்டு வா எண்டனான்."

"அன்ரி, அது நுளம்பாலை வந்தது. டொக்ரரும் அதைத்தானே சொன்னவர்."

"டொக்ரர் சொல்லுவார்."

இந்த நிலையில் இருக்கும் மனிசியிடம் வந்து உங்கள் மகளின் வேலையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டுவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. கேட்டதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எத்தினை மணிக்கு வேலை முடியும்?" என்றார்.

"அஞ்சு மணிக்கு."

"பஸ்ஸாலை இறங்கி நேரை இஞ்சை வா." என் பக்கம் திரும்பி, "குளியாமல் வா" என்றார்.

திங்கட்கிழமை போனேன். உன் கதிரை எனக்கு உயரம். கால் நிலத்தில் முட்டவில்லை. நண்டுச் சதை எடுக்கும் பெண்கள் வெள்ளைத் தொப்பியோடு கதவடியில் வந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு ஒரு பிள்ளை சீனியில்லாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். நீ அப்படித்தான் குடிப்பாய். வைத்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு விளங்கியது, முகம் செத்துப்போனது. நான் கசக்கக் கசக்கக் குடித்தேன். அடுத்த நாள் சீனி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காவிட்டால் நான் அங்கே ஒருநாளும் வந்து சேரமாட்டேன்.

பின்னேர பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி முன்னுக்குப் போனார். அப்போதுதான் எனக்கே மணத்தது. கடல், அவித்த நண்டு, குளோரின். நீயும் இப்படித்தானே ஒவ்வொரு நாளும் யன்னலோரம் தனியே இருந்து வந்திருப்பாய். உனக்கு அது எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. இப்போது அந்த மணம் என் துணியிலும் ஏறிவிட்டது. சவர்க்காரம் போட்டாலும் முழுதாகப் போகிறதில்லை. நான் இந்த வேலையைத் தெரிந்தெடுத்தேனா, இது என்னைப் பிடித்துக்கொண்டதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் வேறு வேலை தேடவில்லை.

அந்த முதல் நாள் அன்ரி படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கிட்ட வந்தார். என் தோளில் முகத்தை வைத்து, மூச்சை இழுத்து, அப்படியே நின்றார். அழவில்லை.

"நாளைக்கும் போறியோ?"

"ஓம் அன்ரி. நாளைக்கும் போறன்."

"வா, தேத்தண்ணி குடிப்பம்" என்று என் கையைப் பிடித்தார். பின்பக்கம் திரும்பப்போன என்னை மறித்து, நண்டு மணத்தோடேயே முன்வாசலால் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.