உள்ளங்கை விரியும்வரை எழாதவன்

என் பக்கத்து இருக்கையில் இன்னும் யாரையும் உட்காரவிடாமல் நான் காத்துவைத்திருக்கும் தவமணிக்கு,

உன் நினைவாக நம் வாசகசாலை இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். உன் குரலையும் உன் கையெழுத்தையும் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத வேண்டியிருப்பது உன் நாயைப் பற்றி. இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலைக்குள் உன் அப்பாவிடம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதை உனக்குச் சொல்லாமல் அவரிடம் எப்படிச் சொல்வேன்?

உன் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகிறார்கள். நீ இல்லாத வீட்டில் அவர்களால் இருக்க முடியவில்லை. போன வாரம் உன் அப்பா வெள்ளையனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, கப்பலிலை இவனைக் கொண்டுபோக ஏலாது. நிபோங் திபாலிலை ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை காவலுக்கு நாய் கேக்கிறார். ஆனால் காது கேளாதெண்டு தெரிஞ்ச உடனை சுட்டுப்போடுவார். நீ வைச்சிருக்கிறியோ?"

நான் உடனே தலையாட்டினேன். அவர்தான் தடுத்தார். "அவசரப்படாதை. ஞாயிறுவரை வைச்சுப் பார். உனக்கு ஏற்ற நாயோ எண்டு யோசிச்சுச் சொல்லு."

நீ என்னைப் புத்தகப்புழு என்று கேலி செய்வாயே, அதன்படியே நடந்துகொண்டேன். நாய்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். வெள்ளையனைப் போன்ற டால்மேஷியன், குதிரை வண்டியோடு ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனமாம். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடவிட முடியாதவர்கள் இதை வாங்கக் கூடாதாம். வருடம் முழுவதும் முடி உதிருமாம். குட்டிகளில் சில செவிடாகவே பிறக்குமாம். தனியே கட்டிப்போட்டால் மனம் ஒடிந்துவிடுமாம். நம் வெள்ளையனைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது. உன் அப்பாவின் மேலதிகாரி, செவிட்டுக் குட்டியாக இருந்த இவனைத் தண்ணீரில் அமுக்கிவிடச் சொன்ன கதையை நீ அழுதுகொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

என் அப்பா எல்லாவற்றையும் அம்மாவிடமே விட்டுவிட்டார். அம்மாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

"சோத்துல மயிரு, சாமி விளக்குல மயிரு! காது கேக்காத நாய் வீட்டைக் காக்குமா? திருடன் வந்தா இதுவே கதவைத் தொறந்து விடும்லா!"

"திருட என்னம்மா இருக்கு நம்ம வீட்டுல?"

"ஏன், நீ இருக்க. படிக்கிற நேரம் போக மத்த நேரத்துல தூங்குற. உன்னைத் தூக்கிட்டுப் போனாக்கூடத் தெரியாது."

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுநாள் காலையில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்தவள் திரும்பினால், வெள்ளையன் பின்னால் நிற்கிறான். அடுத்த நாளும் அப்படியே. "நான் பொட்டு வைக்கிற நேரம் பாத்து வந்து நிக்குதுடி. என்னமோ மாதிரி இருக்கு."

எனக்குக் காரணம் தெரியும். காது கேளாதவனுக்கு வாயால் பெயர் வைத்து என்ன பயன் என்று, நீ கையால் அல்லவா பெயர் வைத்தாய்? நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தை விரலால் தொட்டால், அதுதான் அவன் பெயர். வெள்ளையன் என்பது மற்றவர்கள் கூப்பிடுவது. நீ வைத்த பெயரை எனக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாய். அம்மா தனக்கே தெரியாமல் தினமும் அவனைக் கூப்பிடுகிறாள். அதை விளக்கிச் சொன்னதும் அம்மாவின் பயம் தெளிந்தது. மீதியை விளக்க என்னால் முடியவில்லை.

பள்ளிக்கு அவனை அழைத்துப் போனேன். நீ போகும்போது அவன் உன் ரிக்‌ஷாவின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, நிழலில், ஒரே சீராக ஓடி வருவானே! என் ரிக்‌ஷாவுக்கு அடியில் அவன் ஓடவில்லை. எனக்கு இடப்பக்கம், வெறும் சாலையில், கொளுத்தும் வெயிலில் ஓடினான். எதிலோ இடித்துவிடாமல் இருக்கத் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடினான். நான் நின்றால் அவன் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய், வேறு ஏதோ நின்றதைப் போல நின்றான். ரிக்‌ஷா இழுக்கும் சீனப் பெரியவர் இரண்டு தடவை இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அதன்பின் பள்ளிவரைக்கும் சாலையின் வலது ஓரமாகவே இழுத்துப் போனார், பக்கத்து வண்டிக்கு வழிவிடுகிறவரைப் போல.

வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை இருக்கிறதே, நீயும் நானும் உட்கார்ந்து உப்பு போட்ட மாங்காய் தின்ற இடம்? மத்தியான வெயிலில் தெரு ஓய்ந்து கிடக்கும்போது அவன் அங்கே போய் நிற்பான். மூலையை நிமிர்ந்து பார்ப்பான். உட்காருவான். எழுந்து ஒரு முறை சுற்றுவான். பிறகு படுப்பான். தவமணி, அது நீ அவனுக்குப் பாடம் நடத்தும் வரிசை. முஷ்டி, சுழலும் விரல், தாழும் உள்ளங்கை. அந்த மூலையில் யார் கையை ஆட்டினார்கள்?

பாடம் முடிந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவாய். அதைப் பார்த்தால்தான் அவன் எழுவான். இப்போது அது மட்டும் வரவில்லை. கிடையாகக் கிடந்தான். சோற்றுச் சட்டியை மூக்கருகே வைத்தும் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியிலிருந்து நீ அவனைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்தினாய் என்று உன் அம்மா சொன்னார். நீ திரும்பி வந்து கையை விரிக்கவே இல்லையே. அதனால்தானா?

இன்று காலை அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "அது உன்னோட நாய் இல்லடி. அது யாரையோ பாத்துக்கிட்டுக் கெடக்கு. சாயங்காலம் கொண்டுபோய் விட்டுடு."

"விட்டா துரை சுட்டுடுவாரும்மா."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நண்பகலில் நான் அந்த மூலைக்குள் போய் நின்றேன். வெளியே தார் உருகும் வெயில். அங்கே மட்டும் சுவர் ஈரத் துணியைப் போல என் முதுகில் பட்டது. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். வெள்ளையன் என் கைகளைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, சற்று உயரத்தில் பார்த்தான். நீ என்னைவிட உயரம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

"தவமணி, உன் நாயை உன்னிடமிருந்து பிடுங்க வரவில்லை. அவனுக்குப் பசிக்கிறது. நீயும் கையை விரி" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் எழுந்தான். உடம்பு முழுவதையும் உதறினான். வெள்ளை முடி வெயில் கீற்றில் பறந்தது. என் கையை முகர்ந்தான். என் கைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையும் முகர்ந்தான். நேரே சோற்றுச் சட்டிக்குப் போனான்.

அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. உள்ளே போனாள். எனக்குத் தட்டு வைத்தாள். பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்தால் நீ சாப்பிடும் நீலக்கரைத் தட்டை எடுத்துத் துடைத்து, சோறு போட்டு, மாடிப்படியின் கடைசிப் படியில் வைத்தாள்.

"மயிர நீதான் கூட்டணும்" என்றாள்.

இதை எழுதும்போது அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். என் இரண்டு கைகளும் தாளின் மேல்தான் இருக்கின்றன. காலடியில் படுத்திருந்த வெள்ளையன் சட்டென்று எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போகிறான். பொட்டைத் தொட்டது நீதானே?

கூப்பிட்டுக்கொள். நான் தடுக்கமாட்டேன். தினமும் அவனைக் கடற்கரைத் திடலில் களைக்கக் களைக்க ஓடவிடுவேன். ரிக்‌ஷாவுக்கு இடப்பக்கம் எப்போதும் வழி விட்டே போகச் சொல்வேன். ஒவ்வொரு மத்தியானமும் அந்த மூலைக்கு வந்து உன்னோடு சேர்ந்து கைகளை விரிப்பேன். ஒரு நாள் நீ வராமல் போனாலும் அவன் படுத்தே கிடக்க மாட்டான். இது சத்தியம். உன் அப்பாவிடம் இதோ பதில் சொல்லப் போகிறேன்.

உன் அம்மா "சின்னவள்" என்று கூப்பிடும்,
உன் கூடப்பிறக்காத தங்கை
கமலா