நீயே வந்து கழற்று

மூளை விஞ்ஞானி அவர்களுக்கு,

உங்கள் அண்ணி எழுதுவது. 'அன்புள்ள தம்பி' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. மரியாதையும் இத்தோடு போதும்.

நேற்று உன் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். அடுத்த வாரம் உன் அண்ணன் தலையில் செருகிய வயரைக் கழற்றி, மெஷினை எடுத்துப்போவார்களாம். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். "சும்மா ஒரு கையெழுத்து அண்ணி" என்று காகிதத்தை நீட்டியவன் நீதானே?

மார்க்கெட்டில் ஏலம் கூவிய மனுஷன், பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்தார். வாய் அசையாவிட்டாலும் பேச நினைப்பது மூளையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதை மெஷின் படித்துச் சொல்லும் என்றாய். மண்டையைத் திறந்து தகடு வைத்தாய். மகள் கல்யாண வீடியோவில் அவர் லைட் போட்டவனைத் திட்டியதிலிருந்து குரலை எடுத்து மெஷினுக்குக் கொடுத்தாய். முதல் நாள் அந்தக் குரலில் அவர் சொன்னது, "காப்பி ஆறிப்போச்சு." அந்தத் திட்டுக்குத் தேம்பித் தேம்பி அழுதேன்.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி மாநாட்டு மேடையில் நீ என்ன சொன்னாய்? அவருடைய முதல் வார்த்தை 'நன்றி' என்றாய். நாங்களும் வீடியோவில் பார்த்தோம். கைதட்டலுக்காக அவர் வாயில் நீ போட்ட வார்த்தை அது. வெட்கமாக இல்லையா உனக்கு? அவரோ, "விடு, சின்ன வயசுலேர்ந்தே அவன் அளப்பான்" என்றார்.

அந்தப் பெண் பேசியதையெல்லாம் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு, சரி. நான் இன்னும் முடியலையேம்மா" என்றார். அவள் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதிலிருந்து அவருக்கு வாய் ஓயவில்லை. மகளிடம், மார்க்கெட் ஆட்களிடம், பழைய சண்டைக்காரனிடம்கூடப் பேசித் தீர்க்கிறார். மெஷினுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துப் பிடித்து என் கை மரத்துவிட்டது. உனக்கு மட்டும் போன் போடச் சொல்லவில்லை. கேட்டால், "அவன் வருவான், நேர்ல பேசிக்கிறேன்" என்கிறார்.

நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கு இருக்கிறது. மெஷினை விட்டுவைக்க வழி இருந்தால், யார் காலிலாவது விழுந்து வாங்கிக் கொடு. இல்லையென்றால் கழற்ற வேறு ஆளை அனுப்பாதே. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, உன் கையாலேயே கழற்று.

உன் வாய்க்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
அண்ணி